"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா"

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சியிடம் போன வாரம் கேட்டேன்: "வீட்டுல வன்முறை ஏதாவது இருக்காம்மா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா." கை நிற்கவே இல்லை.

"சரி, கன்னத்துல அறைஞ்சிருக்காரா?"

"அது இல்லாத வீடு எதுக்கா?"

"கையை முறுக்கினது?"

உருட்டுவதை நிறுத்தினாள். கரி மாவு அப்பிய வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பாதிக்கு மேல் திரும்பவில்லை.

எங்கள் பெண்கள் குழு கணக்கெடுக்கத் தொடங்கியபோது 'வன்முறை' என்றுதான் கேட்டோம். எல்லாரும் இல்லை என்றார்கள். மத்திய அரசு நடத்தும் தேசியக் குடும்ப நல ஆய்வு அந்தத் தப்பைச் செய்வதில்லை. தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அதுவும் வீட்டுக்கு ஒரே பெண்ணிடம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும்.

அப்படிக் கேட்டு 2019-21இல் வந்த கணக்கு: 18 முதல் 49 வயதுக்குள் மணமானவர்களில் கணவனிடம் கொடுமை அனுபவித்தவர்கள் நாடு முழுக்க 29.3 சதவீதம், நம் கர்நாடகத்தில் 44.4. முந்தைய சுற்றில் இங்கே ஏறக்குறைய 20தான். ஊரடங்கைக் காரணம் சொல்ல முடியாது, கர்நாடகத்தில் 2019இலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். ஐந்தே வருடத்தில் ஆண்கள் இரண்டு மடங்கு கொடியவர்கள் ஆகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. முன்பும் அடி இருந்திருக்கும், பெண்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அடிபட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்று அதே ஆய்வுதான் சொல்கிறது. அப்புறம் போலீஸ் வழக்குகளை மட்டும் எண்ணி என்ன தெரிந்துகொள்வது?

காரணம் கேட்டால் தெருவே ஒரே குரலில் குடி என்கிறது. பொய்யில்லை. அதே ஆய்வின்படி நாடு முழுக்க, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன்மாரின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்கிறார்கள். ஆனால் குடியே தொடாத கணவன்மாரின் மனைவிகளிலும் 23 சதவீதம்! அவர்கள் எதைக் குடித்துவிட்டு அடித்தார்கள்? அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதையும் ஆய்வு காட்டுகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தானே.

அந்தத் தங்கச்சி மேலே சொல்ல வாயெடுக்கும்போது மாமியார் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். "ஆயிரம் குச்சிக்கு எவ்வளவும்மா தர்றாங்க?" என்று பேச்சை மாற்றினேன். அவள் மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கூலியைச் சொன்னாள். அந்தப் படிவத்தில் பாதி இன்னும் நிரப்பாமல் இருக்கிறது. நாளை மதியம், மாமியார் ரேஷன் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து மறுபடி போகிறேன்.