முதலாண்டு என்ன, ஓய்வு வருடமா?

பிளஸ் டூ பரபரப்புக்குப் பிறகு பிஎஸ்சி முதலாண்டு கொஞ்சம் மூச்சுவிடும் காலம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எந்த டிபார்ட்மென்டைப் பார்த்து எழுதினீர்களோ! என் தங்கை எண்ணூரிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வேதியியல் படிக்கப் போகிறாள். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் வந்து கொருக்குப்பேட்டையில் இறங்க வேண்டும். வண்டி நடுவில் சிக்னலுக்கு நின்றுவிட்டால் முதல் பீரியட் போச்சு.

லேப் நாள்தான் கஷ்டம். ஆக்சாலிக் அமிலக் கரைசலை 60–70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட் என்ற ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடணும். இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் திரும்ப முதலிலிருந்து. அடுத்தடுத்து இரண்டு முறை செலவான கரைசலின் அளவு ஒத்துவரும்வரை நகர முடியாது. அப்புறம் ராத்திரி ரெக்கார்டு நோட்டு. இது போக தமிழ், ஆங்கிலம், துணைப்பாடமாகக் கணிதம்.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள், இப்போது வகுப்பு முழுக்க ஆங்கிலம். பாதி உழைப்பு அதற்கே போகிறது. (அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை.)

அடுத்த முறை லேப் கோட் போட்ட பிள்ளைகள் நாலு பேரையும் விசாரித்துவிட்டு எழுதுங்கள் சார்.