கேட்டால்தானே சொல்வார்கள்

சிகிச்சைக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஓ.பி. சீட்டில் 'அடிவயிற்று வலி', 'வெள்ளைப்படுதல்' என்றுதான் இருக்கும். கூடவே கணவர் நிற்பார், "எப்போதிருந்து வலிக்குதும்மா?" என்றால் பதில் அவரிடமிருந்து வரும். எடை பார்க்கணும் என்று உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினால்தான் அழுகை வெளியே வரும். "குடிச்சிட்டு வந்தா வேணாம்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள் ஒருத்தி. கையில் ஆறு மாதக் குழந்தை.

குடிதான் பெரிய காரணம் என்று அந்தக் கட்டுரை சொல்வது சரி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காதவர்கள் வீட்டில் 23. (அந்த 23-ஐயும் மறந்துவிட வேண்டாம்.) வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் வெறும் 14 சதவீதம். தேடி எங்கே போவாள்? மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவன் செய்வதை வன்புணர்வாகவே சட்டம் பார்ப்பதில்லை. ஆனால் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம் என்பது எங்களில் பல நர்ஸ்களுக்கே தெரியாது. எனக்கும் பத்து வருட சர்வீஸுக்குப் பிறகுதான் தெரிந்தது.