தக்காளி போடுகிறவர் கொள்ளைக்காரர் அல்லர்

கோலாலம்பூர் சந்தையில் ஒருவர் எடுத்துப் பதிவிட்ட அந்தக் காணொளியை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தக்காளியைத் தூக்கிக் காட்டி, "கேமரன் மலைத் தோட்டக்காரர்கள் தீபாவளி பார்த்துக் கொள்ளையடிக்கிறார்கள்" என்று அவர் சொல்ல, என் சொந்தக்காரர்களே கீழே கைதட்டியிருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விலை ஏறியது உண்மை. அந்தப் பணம் தோட்டக்காரர் கைக்குப் போகவில்லை என்பதும் உண்மை.

என் தாய்மாமா கேமரன் மலையிலுள்ள ரிங்லட்டில் இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறார். போன வாரம் போயிருந்தேன். காற்றில் பிளாஸ்டிக் கூரை கிழிந்து, மூன்று நாள் மழை நேராகப் பாத்தியில் இறங்கியிருந்தது. மாமா ஒரு பழத்தைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். காம்பைச் சுற்றி வளையம் வளையமாக வெடிப்பு. விரல் பட்டதும் சாறு கசிந்தது. காய்ந்து கிடந்த வேர் திடீரென்று நீரை உறிஞ்சும்போது பழம் ஊதுகிறது, தோல் ஈடுகொடுக்காமல் பிளக்கிறது. அப்படிப்பட்ட பழத்தை மொத்த வியாபாரி தொடமாட்டார். நல்ல பழத்துக்கும் அவர் கொடுத்தது சந்தை விலையில் பாதிகூட இல்லை. ரசீதை நான் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை வருவது புதிதா என்று கேட்பார்கள். புதிதல்ல. நாள் பார்த்து நாற்று விட முடியாமல் போனதுதான் புதிது. 2016-இலும் 2024-இலும் பசிபிக் கடல் சூடாவதால் வரும் எல் நினோ வெப்பம் வந்தபோது, இரவுக் குளிர் குறைந்து பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்ததை மாமா இன்றும் சொல்லி வருந்துகிறார். வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்க உறுதியான கூடாரம் வேண்டும். அதற்குக் கடன் கேட்டால் வங்கி நிலப் பட்டா கேட்கிறது. அவரிடம் இருப்பதோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத மனிதர் பத்தாண்டு நிற்கும் இரும்புக் கூடாரத்தை எந்தத் துணிவில் எழுப்புவார்?

"மலையை வெட்டியதே அவர்கள்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிவை வெட்டி ஆற்றை மண்ணால் தூர்த்த தோட்டங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு ரிங்லட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு பாய்ந்து உயிர்கள் போனபோது, யார் வெட்டினார்கள் என்று பார்த்தா அது வீடுகளுக்குள் நுழைந்தது? மாமாவின் பாத்திகளும் அன்று புதைந்தன. மலையை வெட்டியவரும் வெட்டாதவரும் உங்களுக்கு ஒன்றுதானா?

இறக்குமதித் தக்காளி மலிவு என்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், அது அவர்கள் விருப்பம். வாங்கிக்கொண்டே மாமாவைத் திருடர் என்று சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மழையின் நட்டத்தை அவர் தனியாகச் சுமக்கிறார், ஏறிய விலையின் பழியையும் அவரே சுமக்கிறார்.

அந்தக் காணொளியை மாமாவின் பேரன் அவரிடமே காட்டியிருக்கிறான். பார்த்துவிட்டு, "இவருக்கு என் தோட்டம் தெரியுமாய்யா?" என்று மட்டும் கேட்டாராம். பதிவிட்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்: 'கொள்ளை' என்ற அந்தச் சொல்லை நீக்குங்கள். ஒருநாள் ரிங்லட்டுக்கு வாருங்கள், நானே அழைத்துப் போகிறேன்.