அப்பாவின் மடிக்கணினியிலிருந்து க்னோமை ஏன் நீக்கினேன்

லினக்ஸ் இயங்குதளத்தில் டெஸ்க்டாப்பை, அதாவது க்னோம், எக்ஸ்எஃப்சிஇ போன்ற திரை முகப்பை, மாற்றுவது வெறும் அலங்காரம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. உள்ளே ஓடுவது இயங்குதளத்தின் கருவான அதே கர்னல், கோப்புகள் அதே கோப்புகள், மேலே போர்த்திய துணி மட்டும்தான் வேறு என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பேசி வந்தேன். போன நவம்பரில் அப்பா வீட்டில் நடந்ததற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 76. சிங்கப்பூரின் தோ பாயோவில் நாங்கள் வளர்ந்த அதே மூவறை வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடமாகக் குடும்பக் கதையை எழுதி வருகிறார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தது, பாட்டி வந்து சேர்ந்தது எல்லாம் அதில் வரும். தினமும் சாயங்காலம் காப்பிக்கடையிலிருந்து திரும்பியதும் ஒரு மணி நேரம் எழுதுவார். தமிழ்99 விசைப்பலகையில் அவர் விரல் ஓடும் வேகம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அப்பாவின் மடிக்கணினி பத்து வருடப் பழசு, நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் கிடையாது. தம்பி, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்க்கா" என்றான். சிங்கப்பூரில் ஏற்கெனவே வருடத்துக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு பொருளைக் கொண்டுபோய் அந்தத் தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். டெஸ்க்டாப் எது வேண்டும் என்று நிறுவும் நிரல் கேட்டபோது, யோசிக்காமல் க்னோமைத் தேர்ந்தெடுத்தேன். நான் தினமும் அலுவலகத்தில் பயன்படுத்துவது அதுதான். அதுதான் என் தவறு.

பயன்படுத்தாதவர்களுக்காகச் சொல்கிறேன். க்னோமில் வழக்கமான பணிப்பட்டை கிடையாது. திறந்திருக்கும் சாளரங்களின் பெயர்கள் திரையின் அடியில் வரிசையாக நிற்காது. சாளரத்தைக் கீழே இறக்கும் பொத்தானையும் இயல்பாகக் காட்ட மாட்டார்கள். இறக்கி வைக்க இடமே இல்லாதபோது இறக்கும் பொத்தான் எதற்கு என்பது 2011இல் க்னோம் 3 வந்தபோது அவர்கள் சொன்ன நியாயம். விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்தினால் எல்லாச் சாளரங்களும் சிறிதாகி விரியும், அதில் வேண்டியதைத் தொட்டால் போதும். மூன்று விரலைத் தொடுதளத்தில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த பணியிடத்துக்கு, அதாவது சாளரங்களைத் தனியே வைக்கும் இன்னொரு திரைக்கு, தாவும். பழகியவருக்கு இது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். நான் பழகியவள்.

ஒரு ஞாயிறு வேலை காரணமாக அப்பா வீட்டுக்குப் போக முடியவில்லை. அடுத்த வாரம் போனபோது மடிக்கணினி மூடியபடி, சார்ஜர் செருகியபடி, மேல் ஒரு துண்டு விரித்தபடி இருந்தது. பக்கத்தில் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. அதில் அப்பா கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கம்ப்யூட்டர் ஓடலையா?"

"எழுதினது எல்லாம் போயிருச்சும்மா. திடீர்னு வெறும் படம்தான் நிக்குது. ஏதாவது தொட்டு இருக்குறதும் போயிடக் கூடாதுன்னு மூடி வச்சிட்டேன்."

மூடியைத் திறந்தேன். வெறும் நீலப் பின்புலம். விண்டோஸ் சின்ன விசையை ஒருமுறை அழுத்தினேன். இடது ஓரத்தில், பக்கத்துப் பணியிடத்தில், அப்பா எழுதும் ரைட்டர் செயலியின் சாளரம் அப்படியே இருந்தது. எழுதும்போது உள்ளங்கையோ விரலோ தொடுதளத்தில் பட்டு, திரை ஓர் இடம் தள்ளிப் போயிருக்கிறது. அவ்வளவுதான். சாளரத்தைப் பெரிதாக்கினேன். கடைசி வரியில் இப்படி நின்றது: "கப்பல் நாகப்பட்டினத்தை விட்டு நகர்ந்தபோது அம்மா தன் மடியிலிருந்து"

அதோடு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, எங்கேயும் போகலப்பா, இங்கதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "இதை எப்படி முடிக்க நினைச்சேன்னு இப்ப ஞாபகம் வரலம்மா" என்றார். பாட்டி மடியிலிருந்து எடுத்தது என்ன என்று அவருக்குச் சொன்னது அவருடைய பெரியப்பா. அவர் இப்போது இல்லை.

அன்று இரவு பொங்கோலுக்குத் திரும்பும்போது ரயிலில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். தரவு எதுவும் அழியவில்லை. கணினி எந்தப் பிழையும் செய்யவில்லை. க்னோம் தன் வடிவமைப்பின்படிச் சரியாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் ஒன்பது நாள் ஒரு மனிதர் தன் எழுத்தை இழந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். முப்பது வருடமாக அவர் கண் திரையின் அடியில் போய்ப் பார்த்துப் பழகியது. அந்த இடத்தை நான் வெறுமையாக்கிவிட்டேன். இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

2011இல் லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3 பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். லினக்ஸ் கர்னலை எழுதத் தொடங்கிய மனிதருக்கே கை பழகிய இடம் மாறியது பொறுக்கவில்லை. பிறகு நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் குட்டி நிரல்கள்) போட்டுக்கொண்டு க்னோமுக்கே திரும்பி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடக் கோபத்தில்தான் பழைய க்னோம் 2ஐ விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் மாட்டே டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள், லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமன் டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் அப்போது நான் வெறும் சண்டையாகத்தான் பார்த்தேன். பழகிய கைக்காகப் பேசியவர்கள் அவர்கள் என்று இப்போது புரிகிறது.

அடுத்த வாரம் எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். 1996இல் ஒலிவியே ஃபுர்தான் தொடங்கிய திட்டம், சின்னம் ஒரு சுண்டெலி. பழைய கணினியில் பாரமில்லாமல் ஓடும். கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பையும் என் கணினியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். அருமையான வேலை, ஆனால் எதைத் தொட்டாலும் அதற்குள் இன்னும் பத்து அமைப்புகள் திறக்கின்றன. எனக்கு அது கொண்டாட்டம், அப்பாவுக்கு அது காடு.

மாற்றும் வேலை சின்னதுதான். தொகுப்பை நிறுவிவிட்டு வெளியேறினால், நுழைவுத் திரையில் பெயரைத் தொட்டதும் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் தெரியும். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்று தேர்ந்தெடுத்து நுழைய வேண்டும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். நேராக அப்பாவின் கணக்கில் சோதிக்காமல், முதலில் வேறொரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் பார்த்தேன். செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். இரண்டு டெஸ்க்டாப் ஒன்றாக இருந்தால் கோப்பு மேலாளர் இரண்டு, முனையம் இரண்டு என்று பட்டியல் குழம்பிவிடும் என்பதால், எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு க்னோமை எடுத்துவிட்டேன்.

மாலை முழுவதையும் தின்றது தமிழ்தான். க்னோமுக்குள் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரல் பின்னிப் பிணைந்திருக்கிறது, அமைப்புகளில் தமிழ்99ஐச் சேர்த்தால் முடிந்தது. எக்ஸ்எஃப்சிஇக்கு வந்ததும் அந்த அமைப்பு கூட வரவில்லை. அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்றே ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷமாக அதைப் போட்டேன். ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, க்யூ என்று நான்கு தட்டு தட்டினால் "அம்மா" வர வேண்டும். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதுதான் தமிழ்99இன் அழகு. இங்கே இரண்டு "ம"வும் புள்ளியில்லாமல் நின்றன. அது வெறும் விசை வரைபடம், முந்தைய எழுத்து என்னவென்று அதற்குத் தெரியாது. எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பில் உள்ள தமிழ்99தான் அந்த விதிகளை அறிந்தது. அதை ஐபஸ் வழியாகச் சேர்த்து, உள்நுழையும்போதே ஐபஸ் தொடங்கும்படி ஐஎம்-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் கையால் அமைத்து, ஒருமுறை வெளியேறி நுழைந்த பிறகுதான் "அம்மா" அம்மாவாக வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, நா. கோவிந்தசாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இணையத்தில் தமிழுக்கு இடம் பிடிக்க உழைத்த நம்மூர் எழுத்தாளர். 1997 மே மாதம் தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் நடந்தது அவருடைய முயற்சியால். இரண்டு வருடம் கழித்துச் சென்னை மாநாட்டில் தமிழ்99 தரமாக வந்தது, அதே 1999இல் அவர் காலமானார். அத்தனை பேர் கூடி உழைத்து அமைத்த விசைப்பலகையைச் சரியாக இயக்க, கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மொழியையும் நாட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வட்டார அமைப்பில் தமிழைத் தேடினால் இந்தியா இருக்கிறது, இலங்கை இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பா அந்தப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

க்னோமிலேயே டேஷ் டு பேனல் நீட்சியைப் போட்டிருந்தால் பணிப்பட்டை வந்திருக்குமே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று சிலர் கேட்பீர்கள். வந்திருக்கும். ஆனால் க்னோம் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு விடுகிறது, பதிப்பு எண்ணோடு பொருந்தாத நீட்சி அணைந்துவிடும். டெபியன் நிலையாக இருப்பதால் இரண்டு வருடம் தாங்கும். மூன்றாவது வருடம் ஒரு காலை பட்டை காணாமல் போகும்போது நான் பக்கத்தில் இருப்பேனா? ஒட்டவைத்தது உதிரக்கூடிய இடத்தில் அவருடைய எழுத்தை வைக்க எனக்குத் துணிவில்லை.

எக்ஸ்எஃப்சிஇயையும் அப்படியே விட்டுவிடவில்லை. அதில் இயல்பாக நான்கு பணியிடங்கள் உண்டு. வெற்றுத் திரையின்மேல் எலிச்சக்கரத்தைச் சுழற்றினாலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும், அதாவது அப்பா மாட்டிக்கொண்ட அதே பொறி. பணியிடத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். கீழே இருந்த குட்டிப் பட்டையை நீக்கிவிட்டு, மேலே இருந்ததைக் கீழே கொண்டுவந்து பூட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். தட்டும்போது தொடுதளம் செயலிழக்கும்படி செய்தேன். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் இந்தத் தடவை அவரிடம் கேட்டேன். கடிகாரம் வலது மூலையில் வேண்டும் என்றார். பின்புலப் படம் எதுவும் வேண்டாம், வெறும் பச்சை போதும் என்றார். கரும்பலகைப் பச்சை.

அலுவலகத்தில் நான் இன்னும் க்னோம்தான் பயன்படுத்துகிறேன். என் கை அங்கே வளர்ந்தது.

நோட்டில் ஒன்பது நாள் எழுதியதை அப்பா இப்போது தட்டச்சு செய்து சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாதி வாக்கியத்தை அவர் அழிக்கவில்லை, முடிக்கவும் இல்லை. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு அடுத்த பத்தியைத் தொடங்கியிருக்கிறார். மலேசியாவில் இருக்கும் அத்தையிடம் கேட்டால் தெரியலாம் என்று நம்புகிறார். நேற்று அவர் டீ போட எழுந்துபோன நேரம் திரையைப் பார்த்தேன். கீழ்ப்பட்டையில் ஒரே ஒரு பொத்தான், அதில் கோப்பின் பெயர்: ரஜூலா.