கம்பம் ஒருத்தருடையது, விளக்கு இன்னொருத்தருடையது

தெருவிளக்கு எரியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் கோபப் பொம்மைகள் வரிசை கட்டும், விளக்கு எரியாது. முதல்வர் உதவி எண் 1100-க்குச் சொன்னாலும் பல நேரம் ‘எங்கள் துறை சார்ந்தது அல்ல’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும். அலட்சியம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாருடைய பொருள் என்று பார்க்காமல் எழுதிய மனு, அலட்சியக்காரருக்கு நாமே கொடுக்கும் சாக்கு.

கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் விளக்கு ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சியுடையது. ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் உள்ளாட்சியிடம் போங்கள். வீடுகளில் கரண்ட் இருந்தும் தெரு முழுக்க இருட்டென்றால் லைனிலோ சுவிட்ச் பெட்டியிலோ கோளாறு, இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ‘பள்ளிவாசல் பக்கம்’, ‘கோயில் முக்கு’ என்றால் லைன்மேனுக்குப் புரியும், கணினியில் மனுவைப் பிரிப்பவருக்குப் புரியாது.

மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் உப்புக்காற்றில் கிளாம்பும் போல்டும் துருவேறும், ஒயர் முனையில் பச்சை பூக்கும். அங்கே பல்பை மட்டும் மாற்றினால் சீக்கிரமே மறுபடி அணையும். ‘கிளாம்பும் ஒயர் முனையும் மாற்ற வேண்டும்’ என்றே எழுதுங்கள். சிமெண்ட் கம்பத்தில் நெடுக்காக வெடிப்பு தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்து சிமெண்டைப் பிளக்கிறது என்று அர்த்தம். அதற்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம், மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள்.

காவிரி கூட்டுக்குடிநீரிலும் இதே பங்கு பிரிவினைதான். பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையது, ஊர்த் தொட்டிக்குப் பிறகு தெருவுக்கு வரும் குழாய் உள்ளாட்சியுடையது. ரோட்டோரக் குழியில் உள்ள ஏர்வால்வு (பெரிய குழாயின் காற்றை வெளியேற்றும் வால்வு) கசிவில் குடம் பிடிக்கிறவர்கள் ‘புகார் கொடுத்துடாதீங்க’ என்பார்கள். அவர்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் சப்ளை நிற்கும்போது அந்தக் குழியில் தேங்கிய அழுக்கைக் குழாய் உள்ளே இழுக்கும், அடுத்த ஊர் அதைக் குடிக்கும்.

சாலைக்கு மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை: மதுரை–தனுஷ்கோடி 87, கொச்சியிலிருந்து தொண்டி வருவது 85. அதற்கு உதவி எண் 1033. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பள்ளத்தைப் படமெடுத்து ‘நம்ம சாலை’ செயலியில் ஏற்றலாம்.

வடிகால் மனுவை ஆகஸ்டிலேயே கொடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் மோட்டார்தான் வரும், தூர்வார ஆள் வராது. அடைப்பு எங்கே என்பதோடு தண்ணீர் எங்கே போய் விழ வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆடிக்காற்று அள்ளிப்போட்ட மணலில் வடிகால் கடலில் விழும் முகப்பு மூடிக்கிடக்க, மேலே மட்டும் வாரிவிட்டுப் போவது வீண் செலவு.

மீன் கழிவு, இறால் பண்ணைக் கழிவுநீர் போல ஊருக்கே தொல்லையானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். இந்த வழி பலருக்கும் தெரியாது.

ராமநாதபுரம் உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. தனி அலுவலர் பொறுப்பில் உள்ள காலத்தில், முன்னாள் தலைவர் வீட்டு வாசலில் நிற்காமல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) எழுதுங்கள்.

ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். விளக்கு, சாக்கடை, நாய் மூன்றையும் சேர்த்தால் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதி மூன்றையும் மூடிவிடுவார்கள். மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது 2015 அரசாணை. தாண்டினால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ‘இந்த எண்ணுள்ள மனு மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார், கோப்பின் நகல் தருக’ என்று கேளுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகம் போகிறவர்கள் பழைய 1100 மனு எண்ணையும் வந்த பதிலையும் சேர்த்தே கொடுங்கள். புது மனுவாகக் கொடுத்தால் மறுபடி அதே மேசையில்தான் போய் விழும்.