மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தத் தம்பி இல்லை

ராணிப்பேட்டைப் பக்கம் நம்ம ஏரிக்கரையில் தோல் கழிவைக் கொட்டிய வீடியோ விஷயம் நம்ம பக்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு டிராக்டரில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதை நம்ம ஊர்த் தம்பி ஒருவன் செல்போனில் எடுத்துப் போட்டான். மறுநாள் சாயங்காலத்துக்குள் அதை அழிக்க வைத்து, "ஊர்ப்பேர் கெட்டதற்கு வருந்துகிறேன்" என்று எழுத வைத்து, அதையும் ஊர் ஆட்களின் செல்போன் குழுவில் போட்டுக் கைதட்டினார்கள். நாற்பத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் பதினோரு பேர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஒரே ஒரு கேள்விதான். மூட்டையை இறக்கியவனைப் பற்றி அந்தக் குழுவில் யாராவது ஒரு வரி எழுதினீர்களா? வண்டி யாருடையது, மூட்டை எங்கிருந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? பத்தொன்பது வயசுப் பையனை நிற்க வைத்துக் கேட்கத் தெரிந்த நமக்கு, கொட்டியவனைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

அந்த மூட்டையில் இருந்தது என்னவென்று வீடியோவைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூட்டை கிழிந்து சிந்தியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் வெளிர் நீலமாகச் சுருள் சுருளாகத் தெரிந்தது பாருங்கள், அது குரோம் போட்டுப் பதப்படுத்திய தோலைச் சீவி எடுத்த சீவல். அந்த நீலத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். என் வீட்டு வெந்நீர் அடுப்பு எரிந்ததே அதில்தான்.

அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தார். எந்த டேனரி என்பது இப்போது வேண்டாம். சீவலை அங்கே வேலை செய்பவர்களுக்கு இனாமாகக் கொடுப்பார்கள். சனிக்கிழமை சைக்கிள் கேரியரில் ஒரு கோணி கட்டிக்கொண்டு வருவார். வெயிலில் காயப் போட்டால் விறகை விட நன்றாக எரியும். மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வரும், அதுவும் பழகிவிட்டது. காலையில் அம்மா அந்தச் சாம்பலை ஒரு உடைந்த சட்டியில் அள்ளி வைத்துக்கொண்டு, தேங்காய் நாரைத் தொட்டுத் தொட்டுப் பாத்திரம் தேய்ப்பார். நாங்கள் சாப்பிட்ட தட்டு, என் கூடப்பிறந்த தம்பிக்குப் பால் ஆற்றிய டம்ளர், எல்லாம் அந்தச் சாம்பலில் தேய்த்ததுதான்.

காலேஜில் வேதியியல் படிக்கும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தோலைப் பதப்படுத்தப் போடுகிற குரோம், குரோமியம் என்கிற உலோகத்தின் உப்பு. தோலில் இருக்கும்போது அந்தக் குரோமியம் மூன்று இணைதிறன் என்கிற வடிவத்தில் இருக்கும். அது அவ்வளவாகத் தண்ணீரில் கரையாது, அபாயமும் குறைவு. காற்றோட்டத்தில் எரித்தால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிவிடும். அது தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரையும், தோலைப் புண்ணாக்கும், மூச்சில் போனால் புற்றுநோயைத் தரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அன்றைக்கு லேபில் இருந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் விரல் நுனி எப்போதும் வெடித்தே இருக்கும். மருதாணி வைத்தால்கூட எரியும் என்று வைக்க மாட்டார். சாம்பல்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கோணியைத் தூக்கிக் கொடுத்தவர்களில் ஒருத்தராவது "இதை எரிக்காதீங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் அவனையும் இப்படித்தான் மன்னிப்புக் கேட்க வைத்திருப்பீர்கள்.

சரி, ஊர்ப்பேருக்கு வருவோம். ஊர்ப்பேர் கெட்டது போன வாரம் இல்லை. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்திலேயே அதிகம் மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அணு உலை வெடித்த செர்னோபில் இருந்த அதே பட்டியலில் நம்ம ராணிப்பேட்டையும் இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய, குரோமிய உப்பு தயாரித்த குரோமேட் ஆலையின் கழிவு மலையாகத் திறந்த வெளியில் கிடந்ததுதான் காரணம். ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு கணக்கு, இரண்டு லட்சத்துக்கு மேல் என்று இன்னொரு கணக்கு. மழை பெய்தால் அதில் ஊறி வருகிற தண்ணீர் மஞ்சளாக ஓடும். நிலத்தடி நீர் வரைக்கும் போய்விட்டது. ஆலை லாபம் பார்த்தது இருபது வருஷம். ஊரோ குழு, ஆய்வு, வழக்கு என்று அதைச் சுமந்தது அதைவிட அதிக வருஷம். இதெல்லாம் தம்பி கையில் செல்போன் வருவதற்கு முன்னால், தம்பி பிறப்பதற்கே முன்னால் ஆரம்பித்தது.

"சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கே, எல்லாம் சுத்தம் பண்ணித்தான் விடறாங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, தண்ணீரைச் சுத்தம் செய்தால் அழுக்கு எங்கே போகும்? அடியில் கசடாகத்தான் தங்கும். விஷம் காணாமல் போவதில்லை, தண்ணீரில் இருந்தது சேறாக மாறுகிறது. அந்தச் சேற்றைக் களிமண்ணும் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட குழியில், கசிகிற நீரைக் குழாய் வைத்துத் தனியாகப் பிடித்து, மழை படாமல் மூடி வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவை ஆலைக்குள் சாதாரணமாகத் தொண்ணூறு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு லோடுக்கும் யார் அனுப்பினார், எந்த வண்டி, யார் வாங்கினார் என்று சீட்டு போக வேண்டும். தோல் தொழிலின் குரோம் கசடும் கழிவும் பட்டியலில் பேர் போட்டே இருக்கிறது. வண்டி வாடகை, அங்கே வாங்கி வைக்கிற கட்டணம், எல்லாம் செலவு. ஏரிக்கரைக்குச் செலவு ஒரு டிராக்டர் டீசல். ராத்திரி ஒரு மணிக்கு வருகிறார்கள் என்றால் இதுதான் காரணம்.

அந்தக் கசடை ஒழுங்காக வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2015 ஜனவரி 31, விடியற்காலை. சிப்காட் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பையன்கள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அவர்களில் யார் பேராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்து "தொழிலை ஒழிக்கப் பாக்கறீங்களா, ஆயிரக்கணக்கான குடும்பம் சாப்பிடுது" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்று என்னுடையது. என் படிப்பு, அக்கா கல்யாணம், இன்றைக்கு நான் உட்கார்ந்து இதை எழுதுகிற வீட்டின் அஸ்திவாரம், எல்லாமே தோல் கொடுத்தது. டேனரியை மூடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, தம்பியும் சொல்லவில்லை. கொட்டாதே என்றுதான் சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி பேசுகிறவர்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா? ஒழுங்காகக் காசு கட்டிக் கழிவை அனுப்புகிற முதலாளிகளும் இதே ஊரில் இருக்கிறார்கள். திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவனை மூடி மறைத்தால் முதலில் நஷ்டப்படுவது அவர்கள்தான்.

"நீயும் தோல் செருப்புதானே போடற" என்று ஒருத்தர். ஆமாம், போடுகிறேன். அதற்காகக் கழிவை ஏரியில் போடலாமா? இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"மனை விலை விழுந்துவிடும்" என்று சொன்னவருடைய கவலை எனக்குப் புரிகிறது, கடன் வாங்கி இடம் வாங்கியவர். ஆனால் மனையை வாங்குகிறவன் போர்வெல் போட்டுத் தண்ணீரைப் பார்க்க மாட்டானா? எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, அதில் பருப்பு வேகாமல் அம்மா அடுப்பு முன்னால் காத்துக் கிடந்ததை வீடியோ எடுத்துத்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறீர்கள். போயிருக்கிறார்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நம்ம வேலூர் டேனரி வழக்கில்தான் மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று சொன்னது. இந்தியா முழுக்க சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது. டேனரிகள் இருக்கிற பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடி இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவனிடம் வசூல் செய், ஆற்றைச் சரி செய்யக் குழு போடு என்று சொல்ல வேண்டி வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதையேதான் திரும்பச் சொல்கிறார்கள். நடுவில் இருந்தவர்கள் நாம்தான். நாற்பத்தேழு கைதட்டல் போட்டவர்களும், இரண்டு நாள் சும்மா இருந்த நானும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். ஏரியின் இந்தப் பக்கம், கல்யாண மண்டபமும் நம்ம தெருக்களும் இருக்கிற பக்கம், ஒரு மூட்டையாவது இதுவரை விழுந்திருக்கிறதா? காலனிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற பக்கத்தில்தான் விழுகிறது. எங்கே கொட்டினால் கேட்க ஆள் இல்லை என்று டிராக்டர் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே இருந்து ஒரு பையன் கேட்டுவிட்டான். நமக்குக் கோபம் வந்தது அதனால்தானோ என்று இரண்டு நாளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தேன். மூட்டைகள் மேல் ஒரு லோடு மண் கொட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் நீலம் தெரிகிறது. பந்து எடுக்க வந்த ஒரு குட்டிப் பையன் அதை ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவிக்கொள் என்று சொன்னேன். எங்கே கழுவுவது என்பது போல ஏரியைப் பார்த்தான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். வீடியோ உன் போனில் இன்னும் இருந்தால் எனக்கு அனுப்பு. என் பக்கத்தில், என் பெயரில் போடுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகிறேன். காலை ஒன்பதரைக்குப் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம்.