மூக்கில் குடம் வைத்த முதலையும் பெயரில்லாத பாசியும்

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போன மாதம் அண்ணன் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கரியால் என்ற முதலை கிடந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். அகப்பைக் காம்பு மாதிரி ஒல்லியாக நீண்ட மூஞ்சி, அதில் நூறு பல்லுக்கு மேல். "சித்தப்பா, அது மூக்குல என்ன, பானையா?" என்றாள். பானையேதான். இந்தியில் கரா என்றால் குடம். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் திரளும் குமிழை வைத்துத்தான் பெயரே வந்தது.

நான் யோசித்ததோ டக்காக்கியா பற்றி. இமயத்திலும் திபெத்திலும் நாலாயிரம் மீட்டருக்கு மேலே, வருடத்தில் பல மாதம் பனிக்கடியில் கிடக்கும் பாசி. ஜப்பான், அலாஸ்கா பக்கமும் உண்டு. மொத்தமே இரண்டு இனம்தான். வம்சத்துக்கு வயது சுமார் 39 கோடி ஆண்டு. இமயமலையே அதற்குப் பின்னால் எழுந்ததுதான். இது பாசிதானா என்பதே 1990களில்தான் உறுதியானது.

பழந்தமிழில் முதலை, இடங்கர், கராம் என்று வகைக்கு ஒரு பெயர் வைத்தோம். பாசிக்கோ எல்லாத்துக்கும் ஒரே பெயர்: குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி, கழுத்தில் போடும் மணியும் பாசி! தனிப் பெயர்கூட இல்லாததைக் காப்பாற்ற யார் போய்ப் பணம் கேட்பது?

கரியாலுக்குக் கேட்டார்கள், கிடைத்தது. 1975இல் முதலைகளைக் காக்கும் திட்டம் வந்தது. ஆற்று மணலில் முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, வளர்த்து, ஆயிரக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். அப்படியும் 2007 கடைசியில் தொடங்கி சில மாதத்துக்குள் சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேல் செத்து மிதந்தன. அந்த ஆறு போய்ச் சேரும் யமுனைத் தண்ணீரின் நஞ்சு மீன் வழியாக ஏறியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். குட்டியை விட்டால் போதுமா, ஆறு வேண்டாமா?

அதனால் கரியாலுக்குக் கொடுத்தது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பாசியை நினைத்துத்தான் கவலை அதிகம். கரியாலுக்கு முட்டையாவது எடுத்து வைக்கலாம். டக்காக்கியாவுக்கு வேண்டியது அந்தக் குளிர். அதைப் பண்ணை கட்டி வளர்க்க முடியுமா? திபெத்தில் பத்து வருடத்துக்கு மேல் போய்ப் போய் அளந்தவர்கள், அது வருடத்துக்கு 1.6 சதவீதம் போலச் சுருங்குகிறது என்று 2023இல் எழுதினார்கள். பக்கத்திலிருக்கும் சாதாரணப் பாசிகள் அவ்வளவு வேகமாகக் குறையவில்லையாம்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். "சரி, மாடிப்படி பாசியை எப்போ தேய்க்கப் போறீங்க?" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன். அது ஊரெல்லாம் முளைக்கும் பாசி. அம்மா வேறு அந்தப் படியில்தான் வடாம் காயவைக்க ஏறுவார்.